கறுப்பு மணலைக் கிண்டுவதற்கு முதல்: வன்னியின் ஆறு பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களே,

மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகிய மூன்று மாவட்டங்களும் சேர்ந்த வன்னித் தேர்தல் மாவட்டத்திலிருந்து நீங்கள் ஆறு பேர் பாராளுமன்றத்தில் இருக்கிறீர்கள். உங்கள் கட்சிகள் வேறு, மொழியும் சமயமும்கூட ஆளுக்கு ஆள் வேறு. இருந்தாலும் இந்த மடலை ஆறு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். டைட்டானியக் கனியங்கள் கலந்த எங்கள் கரையோரக் கறுப்பு மணலைப் பற்றி வரும் வருடங்களில் எடுக்கப்படப்போகிற முடிவு எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் எங்கள் தலையில்தான் வந்து விழும். கிண்டின மணலைத் திரும்பப் பழையபடி அடுக்கவும் முடியாது.

நான் முல்லைத்தீவு மாவட்டத்துப் பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். கனிய அகழ்வே கூடாது என்பது என் நிலைப்பாடு அல்ல. இங்கே உள்ளதை வைத்து இங்குள்ள பிள்ளைகள் பிழைக்க வழி இருக்குமானால் அதைப் பூட்டி வைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் கேட்பது எது முதல், எது பிறகு என்பதைப் பற்றி. ஆய்வு முதலில் நடந்து, அதன் முடிவு எல்லாரும் வாசிக்க வெளியே வர வேண்டும். அடுத்து, எடுக்கிற மணலை எங்கே, எந்த அளவுக்குப் பதப்படுத்துவது என்று முடிவாக வேண்டும். ஊருக்கு என்ன பங்கு என்பது சட்டத்தில் ஏற வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் இயந்திரம் கரைக்கு இறங்க வேண்டும்.

உலகம் ஏன் இந்த மணலைத் தேடுகிறது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். 2023 யூலையில் இந்தியா 30 கனியங்களை முக்கியமானவை என்று பட்டியல் போட்டது. டைட்டானியம் அதில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. 2030 ஆகும்போது தனக்குத் தேவையான மூலோபாய மூலப்பொருட்களில் 10 வீதத்தைத் தன் நிலத்தில் தோண்ட வேண்டும், 40 வீதத்தைத் தானே பதப்படுத்த வேண்டும் என்பது அதன் இலக்கு. அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தோண்டுவதைப்போல நான்கு மடங்கைப் பதப்படுத்த நினைக்கிறார்கள். மிச்சம் வேறு யாருடைய கரையிலிருந்தோதான் வர வேண்டும். லாபம் எந்தப் படியில் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மாரி கழிந்து கடல் அடங்குகிற காலத்தில் கொக்கிளாயிலிருந்து நாயாறு வரைக்கும் கரையால் நடந்து பாருங்கள். அலை ஏறி இறங்கிய இடமெல்லாம் கறுப்புக் கோடுகளாக மணல் படிந்திருக்கும். ஒரு கை அள்ளினால் மற்ற மணலைவிட நன்றாகப் பாரம் தெரியும். வெள்ளை மணலின் அடர்த்தி 2.65, டைட்டானியமும் இரும்பும் கலந்த இல்மனைட் என்ற கறுப்புக் கனியத்தின் அடர்த்தி ஏறக்குறைய 4.7. அதனால் கடல் இலேசானதை அள்ளிக்கொண்டு போய்ப் பாரமானதை விட்டுவிடுகிறது. பிள்ளைகள் அந்த மணலை ஒரு போத்தலில் போட்டு ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவருவார்கள். பழைய ஒலிபெருக்கியில் கழற்றின காந்தத்தை மேலே பிடித்தால் மக்னரைட் துகள்கள் துள்ளி ஏறும். இல்மனைட் அவ்வளவு சுறுசுறுப்பாக வராது, அதை இழுக்கப் பலமான காந்தம் வேண்டும். கைவில்லையால் பார்த்தால் கறுப்புக்குள் செம்பழுப்பாக இன்னொரு டைட்டானியக் கனியமான ரூட்டைல் தெரியும், கண்ணாடித் தூள் மாதிரி மினுங்கும் சிர்க்கோன் தெரியும். தேன் நிறத்தில் அருமையாக ஒரு மணி அகப்பட்டால் அது மொனசைட்டாக இருக்கலாம். மொனசைட்டில்தான் அருமண் மூலகங்கள் இருக்கின்றன. கதிர்வீசும் தோரியமும் அதற்குள்தான் இருக்கிறது.

வாவிக்கு அக்கரையில் புல்மோட்டை. 1957இல் அரச கூட்டுத்தாபனமாகத் தொடங்கி இன்று லங்கா கனிய மணல் நிறுவனமாக இருக்கும் ஆலை அங்கே இதே வகை மணலைக் கழுவிப் பிரிக்கிறது. தண்ணீரில் சுழற்றிப் பாரமானதைப் பிரிப்பார்கள், காந்தத்தால் இல்மனைட்டைப் பிரிப்பார்கள், ரூட்டைலையும் சிர்க்கோனையும் நிலைமின்னால் பிரிப்பார்கள். நாட்டில் நடக்கும் பதப்படுத்தல் பெரும்பாலும் அத்தோடு சரி. அதற்குப் பிறகு கப்பல்.

என் வகுப்பில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். உயர்தர இரசாயனவியல் பாடத்திட்டத்தில் கைத்தொழில் இரசாயனம் என்ற அலகில் டைட்டானியம் ஈரொட்சைட்டு உற்பத்தி ஒரு பாடம். ரூட்டைலைக் கற்கரியோடு சேர்த்து ஏறக்குறைய ஆயிரம் பாகை வெப்பத்தில் குளோரின் வாயுவைச் செலுத்தினால் டைட்டானியம் நாற்குளோரைட்டு ஆவியாக வரும். அதைக் காய்ச்சி வடித்துச் சுத்தமாக்கி ஒட்சிசனோடு எரித்தால் வெள்ளைப் பொடி. குளோரின் திரும்பக் கிடைக்கும்; அதை மறுபடி பாவிக்கலாம். பிள்ளைகள் சமன்பாட்டைப் பிழையில்லாமல் எழுதுகிறார்கள், புள்ளி எடுக்கிறார்கள். மூலப்பொருள் வீட்டு வாசலில் கிடக்கிறது, ஆனால் அந்த வினை நடக்கிற உலை ஒன்றை இந்த நாட்டில் அவர்களுக்குக் காட்ட எனக்கு ஓர் இடம் இல்லை.

அதே அலகில் இன்னொரு பாடமும் உண்டு: உப்புக் கரைசலை மின்பகுத்துக் கோஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுப்பது. அதற்கு உதாரணம் காட்ட நான் தூரத்துக்குப் போக வேண்டியதில்லை. ஆனையிறவு உப்பை எடுத்துப் பரந்தனில் அதைத்தான் செய்தார்கள். 1950களில் எழுந்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை போர் வந்ததும் நின்றது. ஏ9 வீதியால் போகிற ஒவ்வொருவரும் அதன் இடிந்த சுவர்களைப் பல வருடங்கள் பார்த்திருக்கிறோம். யோசித்துப் பாருங்கள்: ஒரு பக்கம் ஆனையிறவு உப்பு, நடுவில் குளோரின் செய்யத் தெரிந்த பரந்தன், முல்லைத்தீவு வீதியால் நேரே வந்தால் கடற்கரை மணல். டைட்டானியம் நிறப்பொடிக்கு வேண்டிய மூன்றில் இரண்டு வன்னிப் பெருநிலத்துக்குள்ளேயே கிடக்கிறது. கற்கரியைத்தான் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். குளோரின் செய்ய மின்சாரம் நிறைய வேண்டும் என்பது உண்மை. மன்னாரில் தம்பபவனி காற்றாலைப் பண்ணையில் மட்டும் 30 காற்றாலைகள் 103.5 மெகாவாட் கொள்ளளவோடு சுழல்கின்றன, காற்று எங்களுடையதுதான்.

உலகில் எடுக்கப்படும் டைட்டானியக் கனியத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இந்த வெள்ளைப் பொடியாகத்தான் போகிறது. பெயின்ற், பிளாஸ்ரிக், கடதாசி, பற்பசை எல்லாவற்றிலும் அதுதான் வெள்ளை. விமானத்துக்குப் போகிற உலோகம் மிகச் சிறிய பங்கு. இல்மனைட் ஒரு தொன் சில நூறு டொலருக்குப் போகிறது. பொடி ஆயிரக்கணக்கில் போகிறது. புதுக்குடியிருப்பில் வீட்டுத்திட்ட வீட்டுக்குப் பூச வாங்குகிற பெயின்ற் வாளிக்குள் இருக்கும் வெள்ளை வெளிநாட்டிலிருந்து வந்தது. அதன் மூல மணல் எங்கள் கரையிலிருந்து போனதாகவும் இருக்கலாம்.

அதற்காக நாளைக்கே கொக்கிளாயில் ஒரு நிறப்பொடித் தொழிற்சாலை கட்டுங்கள் என்று நான் எழுதவில்லை. இரசாயனம் படிப்பிக்கிறவர்தான் இதில் கூடுதலாகப் பயப்பட வேண்டும். இல்மனைட்டில் பாதிக்குக் கிட்ட இரும்பொட்சைட்டு. டைட்டானியத்தை எடுத்தால் இரும்பு எங்கேயோ போயாக வேண்டும்: குளோரின் முறையில் இரும்புக் குளோரைட்டாக, கந்தக அமில முறையில் அமிலக் கழிவாக. 1950களின் தொடக்கத்தில் திருவனந்தபுரத்தில் உற்பத்தியைத் தொடங்கிய அரச தொழிற்சாலை அந்த அமிலக் கழிவைப் பல பத்தாண்டுகள் வேளிக் கடலில் விட்டது. கரையோர நீர் செம்பழுப்பானது. கொல்லம் சவராவிலும் ஆலையைச் சுற்றியிருந்த கிணறுகள் கெட்டுப்போனதாக மக்கள் வருடக்கணக்கில் போராடினார்கள். கேரளம் படித்தவர்கள் நிறைந்த மாநிலம், தொழிற்சங்கங்கள் பலமான மாநிலம். அங்கேயே அப்படி என்றால் இங்கே கழிவுத் திட்டம் இல்லாத ஆலைக்கு ஒரு கல் வைக்கவும் நீங்கள் விடக்கூடாது.

எனவே படிப்படியாகப் போகலாம். முதற் படி, பிரிக்கிற வேலையை முழுமையாகச் செய்வது. கலப்பு மணலாக எதுவும் கப்பலேறக்கூடாது. சிர்க்கோனை இங்கேயே மாவாக அரைத்தால் நிலத்துக்குப் பதிக்கும் தரை ஓடு, பீங்கான் ஆகியவற்றின் வெள்ளை மெருகுக்கு உள்நாட்டிலேயே விற்கலாம். அதற்கு அமிலமும் தேவையில்லை, குளோரினும் தேவையில்லை. மொனசைட்டை 2014ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டத்தின் கீழ் ஒழுங்காகக் கணக்கெழுதி, பாதுகாப்பாக வைக்க வேண்டும். வேறு மணலுக்குள் கலந்து போக விடக்கூடாது. அதற்கு அடுத்த படிதான் பரந்தனைப் பற்றிய கேள்வி. அங்கே ஒரு குளோரின் ஆலையும் டைட்டானிய ஆலையும் சேர்ந்து கட்டுப்படியாகுமா, கழிவு எங்கே போகும், தண்ணீர் எங்கிருந்து வரும் என்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தையும் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தையும் சேர்த்து ஒரு பகிரங்க ஆய்வு கேளுங்கள். கட்டுப்படியாகாது என்று முடிவு வந்தால் வரட்டும். அதையும் தமிழில் வாசிப்போம்.

மன்னார்த் தீவு வேறு கதை. அதைப் பற்றிப் படி, கட்டம் என்று பேச எனக்கு எதுவும் இல்லை. அது விடப்பட வேண்டும்.

காரணத்தை விளங்கப்படுத்துகிறேன். மன்னார்த் தீவு ஏறக்குறைய 26 கிலோமீற்றர் நீளம். அகலம் சில கிலோமீற்றர்தான். சுற்றவரக் கடல். அந்த மணலுக்கு அடியில் உள்ள நல்ல தண்ணீர் மழையால் இறங்கினது. அது உப்புநீருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கிறது. நன்னீரின் மட்டம் ஒரு அடி இறங்கினால் அடியிலிருந்து உப்புநீர் நாற்பது அடி வரை மேலேறும் என்பது நிலநீர் படித்தவர்கள் வழிவழியாகச் சொல்லும் கணக்கு. மழைநீரைப் பிடித்து வைத்திருப்பது அந்த மணல் மேடுகள்தான். மேட்டைக் கிண்டிப் பாரமான கனியத்தை எடுத்துவிட்டு மிச்ச மணலைத் திரும்பக் கொட்டுவோம் என்று கம்பனி சொல்லும். கொட்டலாம். ஆனால் பனை வேரும் அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் பிடித்து வைத்திருந்த மேடும், கொட்டி வைத்த மணற் குவியலும் ஒன்றல்ல. முதல் சோளகக் காற்றோடேயே வித்தியாசம் தெரியும். தலைமன்னாரிலோ பேசாலையிலோ ஒரு வீட்டுக் கிணறு உவர்த்துவிட்டால் அதற்கு நட்டஈடு எவ்வளவு என்று கணக்குப் போட எந்தச் சூத்திரமும் என்னிடம் இல்லை.

ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்றுக்காகத் தீவு முழுக்கத் துளை போட்டு மணலைச் சோதித்த பிறகுதான் அங்குள்ள பலருக்கு என்ன நடக்கிறது என்றே தெரியவந்தது. 2025 ஓகஸ்ட்டில் காற்றாலைக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார் மக்கள் இரவு பகலாகத் தெருவில் இருந்தார்கள். கத்தோலிக்கர், இந்துக்கள், முஸ்லிம்கள் என்று எல்லாரும் ஒன்றாக இருந்தார்கள். உங்களில் சிலரும் அங்கே போனீர்கள். அது நல்லது. ஆனால் அந்தப் பந்தலில் சொன்ன வார்த்தை சட்டமாகவில்லை. ஒரு அமைச்சர் நிறுத்தியதை இன்னொரு அமைச்சர் தொடங்கலாம். மன்னார்த் தீவில் கனிய மணல் அகழ்வு இல்லை என்பது வர்த்தமானியில் வர வேண்டும்.

கொக்கிளாய் பக்கத்து மக்களின் சந்தேகத்தையும் நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, நாயாறு மக்கள் 1984 டிசம்பரில் ஊரை விட்டுத் துரத்தப்பட்டவர்கள். போர் முடிந்து திரும்பி வந்தபோது பலருக்கு வயலும் இல்லை, கரைவலை இழுக்கும் இடமான பாடும் இல்லை. அப்படியான ஓர் ஊரின் முகத்துவாரத்தில் இல்மனைட்டுக்கு என்று வேலி போட வந்தால் மக்கள் அதை அபிவிருத்தியாகப் பார்க்க மாட்டார்கள். இன்னொரு காணி பறிப்பாகத்தான் பார்ப்பார்கள். அதனால்தான் அங்கே மறித்துப் போராடினார்கள். 2004 டிசம்பரில் கடல் ஏறி வந்து முல்லைத்தீவை வழித்துக்கொண்டு போனதையும் கண்டவர்கள் அவர்கள். கரை மணல் மேட்டை இறக்குவோம் என்று அவர்களிடம் போய்ச் சொல்வது இலேசான காரியமில்லை. காணி உறுதியும் கரைவலைப் பாடும் முதலில் தீர வேண்டும். அதற்கு முதல் அங்கே மணலைப் பற்றிப் பேச யாருக்கும் உரிமையில்லை.

நான் சொல்லும் இந்த ஒழுங்கு நாட்டுக்குப் புதிதுமல்ல. எப்பாவல பொஸ்பேற்றை அமெரிக்க நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து தோண்ட அரசு உடன்படிக்கை செய்யப் போனபோது அந்த ஊர் விவசாயிகள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2000ஆம் ஆண்டு தீர்ப்பு வந்தது. கனியத்தைப் பற்றி முழுமையான ஆய்வு நடந்து அதன் முடிவு வெளியிடப்பட வேண்டும், சுற்றாடல் அனுமதி சட்டப்படி பெறப்பட வேண்டும், அதுவரை எந்த ஒப்பந்தமும் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. அநுராதபுர மாவட்டத்து விவசாயிகளுக்குக் கிடைத்த அதே நியாயத்தைத்தான் முல்லைத்தீவுக்கும் மன்னாருக்கும் கேட்கிறேன். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தைத் திருத்தி, கரையோரக் கனிய மணல் முழுவதற்கும் அந்தத் தீர்ப்பின் ஒழுங்கைக் கட்டாயமாக்கலாம். சுற்றாடல் பாதிப்பு அறிக்கைக்குக் கருத்துச் சொல்ல மக்களுக்குத் தரப்படும் 30 நாளும் இப்படியான விடயத்துக்குப் போதாது. நூற்றுக்கணக்கான பக்க அறிக்கையை மீன்பிடிச் சங்கத் தலைவர் ஒருவர் வாசித்து, விளங்கி, எழுதி அனுப்ப வேண்டுமே.

பங்கு விடயத்தில் இந்தியாவைப் பார்க்கலாம். 2015இல் அங்கே சட்டத்தைத் திருத்தி, சுரங்கம் நடக்கிற மாவட்டத்துக்கென்று கனிம நிதியம் ஒன்றை உண்டாக்கினார்கள். உரிமக்காரர் கட்டும் கட்டணத்தோடு ஒரு வீதத்தை அந்த மாவட்டத்துக்கும் கட்ட வேண்டும். அங்கேயும் குறை இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டுக் கரையில் தனியார் கனிய மணலை அள்ளின கதை தெரியும்தானே: 2013இல் தடை போட்டார்கள், விவகாரம் 2025 பெப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிடும் வரை வந்தது. அதனால் நிதியம் மட்டும் போதாது. எத்தனை தொன் எடுக்கப்பட்டது என்ற கணக்கு மாதாமாதம் கரைதுறைப்பற்றுப் பிரதேச சபையின் பலகையில் ஒட்டப்பட வேண்டும். டிப்பர்கள் இரவில் ஓடுகிற மாவட்டத்தில் இருக்கிறோம். ஆற்று மணலுக்கு நடந்தது கடல் மணலுக்கும் நடக்க நாள் செல்லாது.

நீங்கள் ஆறு பேர். 225 பேருக்குள் ஆறு பேரால் என்ன செய்ய முடியும் என்று நினைக்கலாம். மதுரை அரிட்டாபட்டிப் பகுதியில் டங்ஸ்டன் எடுக்க 2024 நவம்பரில் ஏலம் முடிந்தது. ஊர்கள் எழும்பின. டிசம்பரில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை இரத்துச் செய்தது. டங்ஸ்டனும் முக்கிய கனியம்தான். அவ்வளவு முக்கியமான கனியத்தையும் மக்களும் பிரதிநிதிகளும் ஒன்றாக நின்றபோது விடத்தான் வேண்டியிருந்தது. எங்கள் மாகாண சபைக்கு 2018 ஒக்ரோபருக்குப் பிறகு ஆயுள் இல்லை. இருக்கிற வாய் உங்களுடையதுதான். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பார்கள். இந்த ஒரு விடயத்திலாவது திரளுங்கள்.

தொடக்கமாக ஒன்றை மட்டும் செய்யுங்கள். முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்களில் கனிய மணலுக்கு இதுவரை கொடுக்கப்பட்ட ஆய்வு அனுமதிப்பத்திரங்களும் அகழ்வு அனுமதிப்பத்திரங்களும் எவை, யாருடைய பெயரில், எந்தக் காணியில், எந்தத் திகதி வரைக்கும் என்ற பட்டியலை, வரைபடத்தோடு, தமிழில் வெளியிடும்படி ஆறு பேரும் ஒரே கடிதத்தில் கையொப்பமிட்டுப் புவிச்சரிதவியல் அளவை சுரங்கங்கள் பணியகத்திடம் கேளுங்கள். ஊர்ச் சங்கம் போய்க் கேட்டால் ஒரு மேசை மற்ற மேசையைக் காட்டுகிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எழுதினாலும் மாதங்கள் ஓடுகின்றன. நீங்கள் கேட்டால் அடுத்த மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்திலேயே மேசைக்கு வரும். வந்ததும் எங்கள் கைக்கும் ஒரு பிரதி தாருங்கள். வரைபடத்தை வாசித்து ஊருக்கு விளங்கப்படுத்த என் வகுப்புப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உயர்தர இரசாயனவியல் ஆசிரியை,
முல்லைத்தீவு மாவட்டம்.